அப்பாவின் டட்சனும் மருமகனின் டர்போவும்

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்துவரும் எனக்கு, மோட்டார் வாகனங்களைப் பற்றி எழுதும் தகுதி ஏதும் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பல்கலைக்கழகத்தில் நான் பயின்றவை தமிழும் வரலாறும். ஒரு காரின் பொனட்டைத் திறந்தால் பற்றரி எது, ரேடியேற்றர் எது என்று காட்டிவிடுவேன். அதற்கப்பால் என் அறிவு செல்லாது. ஆயினும் 2021ஆம் ஆண்டு முதல், விடுமுறை கிடைத்தபோதெல்லாம் லிந்துலையில் என் மருமகனுடைய கராஜில் ஒரு மரப்பெட்டியின் மீது அமர்ந்து, ஒரு பழைய டட்சன் காருக்கு டர்போ பொருத்தப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டு மட்டும் இருந்திருந்தால் இந்தக் கதை சற்று மலிவாகவே முடிந்திருக்கும்.

கார் என் தகப்பனாருடையது. டட்சன் 1200. 1970களின் தொடக்கத்தில் ஜப்பானில் உருவான, பின்சக்கரங்களால் உந்தப்படும், எடை குறைந்த சிறிய கார். அதை முதலில் வைத்திருந்தவர் எங்கள் தோட்டத்துச் சின்னத்துரை ஒருவர். 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்ட காலத்தில் அவர் மலையைவிட்டு இறங்கியபோது, தோட்டத்து டிஸ்பென்சர் ஐயாவிடம் அது கைமாறியது. அவர் ஓய்வுபெற்று ஊருக்குப் போகும்போது கார் ஓடும் நிலையில் இல்லை. 1986இல் அதை என் தகப்பனார் வாங்கினார். வாங்கினார் என்று சொல்வதைவிட, தள்ளிக்கொண்டு வந்தார் என்பதே சரி. இரண்டு பேர் பின்னால் தள்ள, அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்த காட்சி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. லயத்து வாசல்களில் எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். துரைமார் வந்திறங்கும் காரைப் பார்த்து எழுந்து நின்று பழகியவர்கள். பழக்கத்தினால் எழுந்தார்களா, பெருமையினால் எழுந்தார்களா என்று அப்பா பின்னர் வேடிக்கையாகக் கேட்பதுண்டு.

அப்பா ஸ்டோரில் பிட்டராக இருந்தவர். தோட்டத்துத் தமிழில் ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை என்பதைப் பிற பிரதேச வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். அங்கே கொழுந்தை உலர்த்தும் 'சிரோக்கோ' இயந்திரம் ஒன்று இருந்தது. அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் அதைத் தயாரித்த சாமுவேல் டேவிட்சன் என்பவரும் ஒரு காலத்தில் அசாமின் கச்சார் பகுதியில் தேயிலைத் துரையாக இருந்தவர்தான். உலர்த்தும் அறைக்குள் சூடான வளியைத் தள்ளுவதற்கு அவர் அமைத்த விசிறிகள் பிற்காலத்தில் சுரங்கங்களுக்கும் கப்பல்களுக்கும் சென்றன. சிறுவனாக நான் ஸ்டோருக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது, அந்த விசிறியின் வாயருகே என் தொப்பியைப் பிடித்து இழுக்கவிட்டு விளையாடியிருக்கிறேன். அப்பா அதட்டுவார். பிறகு அவரே, "நடுவுல உறிஞ்சி, ஓரத்துல வீசும். அம்புட்டுத்தான் சங்கதி" என்று விளக்குவார்.

அந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்திருந்தமையால்தான் பல ஆண்டுகளின் பின் டர்போ என்னவென்று எனக்கு விளங்கியது.

அப்பா இறந்தபின் கார், என் தங்கையின் வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. தங்கையின் மகன் மோட்டார் தொழில் படித்து, கட்டாரில் ஒரு கராஜில் ஆறு ஆண்டுகள் வேலை செய்துவிட்டு 2020இல் திரும்பி வந்தான். அந்த ஆண்டுதான் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. புதிய வாகனங்கள் வரவில்லை. பழைய வாகனங்களோ யானை விலை. கராஜ்களுக்கு வேலை குவிந்தது. தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் கதவு திறக்க 2025 பெப்ரவரி வரை செல்லுமென்று அப்போது யாரும் அறிந்திருக்கவில்லை. ஒருநாள் தார்ப்பாயை விலக்கிய மருமகன், எனக்குத் தொலைபேசி எடுத்தான்.

"மாமா, தாத்தா காருக்கு உயிர் குடுக்கப் போறேன். டர்போ வைக்கப் போறேன். நீங்க சரின்னு சொல்லணும்."

நான் சரியென்று சொல்லவில்லை. அப்பா வைத்திருந்தவாறே அது ஓடினால் போதும் என்றேன். அமெரிக்காவில் 1960களின் மஸ்டாங், போன்டியாக் போன்ற கார்களுக்கு இக்காலத்து இளைஞர்கள் டர்போ பொருத்துவதை அவன் கைத்தொலைபேசியில் எனக்குப் பலமுறை காட்டியிருந்தான். 'மசில் கார்' என்று அவற்றுக்குப் பெயர். 1964ஆம் ஆண்டு போன்டியாக் ஜிரிஓவின் எஞ்சின் 6.4 லீற்றர். எங்கள் டட்சனின் எஞ்சின் 1,171 கன சென்ரிமீற்றர், அதாவது 1.2 லீற்றர்கூட முழுதாக இல்லை. பயில்வானுக்குச் செய்யும் வைத்தியத்தை வயோதிபருக்குச் செய்யலாமா என்று கேட்டேன். அவன் கோபப்படவில்லை. "மாமா, நம்ம கார் இங்க எத்தனை குதிரையில ஓடுதுன்னு தெரியுமா?" என்று திருப்பிக் கேட்டான்.

தெரியாது. அவன் சொன்ன கணக்கை இங்கே தருகிறேன்.

லிந்துலை, தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையில் இருக்கிறது. தலவாக்கலை ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரம், நானுஓயா 1,600. இந்த உயரத்தில் வளியமுக்கம், கொழும்பில் இருப்பதைவிட ஏறக்குறைய 15 வீதம் குறைவு. எஞ்சின் என்பது பெற்றோலை எரிப்பதற்கு முன் வளியைக் குடிக்க வேண்டிய பிராணி. வளி குறைந்தால் வலுவும் குறையும். கடல் மட்டத்தில் 68 குதிரைவலு என்று சொல்லப்பட்ட அந்த எஞ்சின், எங்கள் ஊரில் 58 குதிரைவலுவோடுதான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நுவரெலியா போனால் அதுவும் இல்லை. அங்கே வளியமுக்கம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

டர்போ இதற்கு என்ன செய்கிறது? எஞ்சினிலிருந்து வீணாக வெளியேறும் சூடான புகை, சைலன்சருக்குப் போகும் வழியில் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது நடுவில் உறிஞ்சி, ஓரத்தில் வீசும். ஆம், அப்பாவின் சிரோக்கோ விசிறியின் தூரத்து உறவுதான். சூடான வளிக்குப் பதிலாகக் குளிர்ந்த வளியை, கொழுந்துக்குப் பதிலாக எஞ்சினுக்குள் அது திணிக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட தடவை சுழலும் என்று கேட்டபோது, வரலாறு படித்த என் மனம் அதை நம்ப மறுத்தது.

ஆனால் வரலாற்றிலேயே இதற்குச் சான்று இருந்தது. டர்போவுக்கான முதல் உரிமத்தை சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூஹி 1905இல் பெற்றார். முதலாம் உலகப் போரின்போது, உயரே பறக்கும் விமானங்களின் எஞ்சின்கள் வளியின்றித் திணறின. 1918இல் ஜெனரல் இலெக்ட்ரிக் நிறுவனத்தின் சான்போர்ட் மொஸ், ஒரு லிபேர்ட்டி விமான எஞ்சினை லொறியில் ஏற்றிக்கொண்டு, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 4,300 மீற்றர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்குச் சென்றார். தரையில் 350 குதிரைவலு தந்த அந்த எஞ்சின், உச்சியில் 230ஆக ஒடுங்கிப்போயிற்று. டர்போவைப் பொருத்தியதும் 356 வந்தது. மலை பறித்துக்கொண்டதை மீட்டுத் தந்த கருவியாகத்தான் டர்போ தன் பேரை வாங்கியது. வேகப் பந்தயமெல்லாம் பிறகு வந்தவை. இதை வாசித்த இரவு மருமகனுக்குச் சரியென்று சொல்லிவிட்டேன். ஒரு நிபந்தனை விதித்தேன். எஞ்சினை மாற்றக்கூடாது. 1991இல் அப்பா தம் கையால் பிரித்துப் புதுப்பித்த அதே எஞ்சின்தான் இருக்க வேண்டும்.

அவனுக்கு அது வசதியாகவும் இருந்தது. எஞ்சின் இலக்கம் பதிவுச் சான்றிதழில் இருப்பது. அதை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு நடக்க வேண்டும். நடந்தவர்கள் அறிவார்கள்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில், பழைய டொயோட்டா ஸ்டார்லெட் ஒன்றிலிருந்து கழற்றிய டர்போவை வாங்கினோம். நானும் கூடச் சென்றேன். உதிரிப்பாகங்கள் குவிந்து கிடக்கும் அந்தத் தெருவில், கடைக்காரர் டர்போவின் சக்கரத்தை விரலால் சுழற்றிக் காட்டினார். மருமகன் அதைச் சுழற்றாமல், அச்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தான். ஆட்டம் இருந்தால் உள்ளே தேய்ந்திருக்கிறது என்று பொருளாம். நான்காவது கடையில்தான் அவனுக்குத் திருப்தி ஏற்பட்டது. புகைக்குழாயை எஞ்சினோடு இணைக்கும் மெனிபோல்ட்டை அவனே இரும்புக்குழாய்களை வெட்டி, ஒட்டிச் செய்தான். சூடான வளியைக் குளிர்விக்கும் 'இன்டர்கூலர்' ஒரு சிதைந்த டீசல் வேனிலிருந்து வந்தது. எஞ்சினுக்குள் அழுத்தம் மிஞ்சாதிருக்கத் தடித்த செப்புக் கேஸ்கட். டர்போவின் அச்சு எண்ணெய்ப் படலத்தின் மீது மிதப்பது. அதற்கு எண்ணெய் செல்ல ஒரு குழாய், தானாக வடிந்து திரும்ப அதைவிடப் பெரிய குழாய். காபரேட்டரைப் பழையபடியே வைத்து, டர்போவின் வளியை அதனூடாக ஊதவிட்டான். இங்குதான் பின்னர் வினை வந்தது.

2022இல் வேலை அப்படியே நின்றது. பெற்றோலுக்காக நாடே வரிசையில் நின்ற காலம் அது. பின்னர் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர். இருக்கும் பெற்றோலில் ஆஸ்பத்திரிக்குப் போவதா, டர்போவுக்கு ஒத்திகை பார்ப்பதா? மருமகன் கராஜில் முச்சக்கரவண்டிகளுக்கு வேலை செய்து நாட்களைக் கடத்தினான். டட்சன் பொனட் இன்றி ஒரு மூலையில் நின்றது.

2023 ஜனவரி 20ஆம் திகதி இரவு, நானுஓயா – ரதல்ல குறுக்கு வீதியில் பஸ் ஒன்று வேனுடனும் முச்சக்கரவண்டியுடனும் மோதி 7 பேர் உயிரிழந்தனர். அன்று நான் செய்தி மேசையில் இருந்தேன். எங்கள் ஊரிலிருந்து நானுஓயாவுக்குப் போகும் வழி அது. பெயர் விபரங்கள் ஒவ்வொன்றாக வந்தபோது, தெரிந்த பெயர் எதுவும் வந்துவிடக்கூடாதே என்ற பதற்றத்துடன் தட்டச்சு செய்தேன். பத்திரிகைக்காரனுக்கு அந்தப் பதற்றம் தன்னலமானது என்பதும் தெரியும். யாரோ ஒருவருக்கு அவை தெரிந்த பெயர்களே.

அடுத்த மாதம் ஊருக்குப் போனபோது, தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு லொறி ஓட்டிய பெரியவர் ஒருவர் கராஜுக்கு வந்திருந்தார். அப்பாவின் சிநேகிதர். டட்சனைச் சுற்றி ஒருமுறை நடந்தார். டர்போவைக் குனிந்து பார்த்தார். பிறகு மருமகனிடம் கேட்டார்:

"ஏத்தத்துக்கு எஞ்சின் குடுத்திட்ட. எறக்கத்துக்கு என்ன குடுத்திருக்க தம்பி?"

மருமகன் பதில் சொல்லவில்லை. நான்கு சக்கரங்களிலும் 50 ஆண்டுப் பழமையான டிரம் பிரேக்குகளே இருந்தன. "மொத அதப் பண்ணு. பண்ணிட்டு எனக்கு ஆள் அனுப்பு" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் போய்விட்டார். டர்போ வேலை நின்றது. முன்சக்கரங்களுக்குப் பிந்திய மொடல் சன்னி ஒன்றின் டிஸ்க் பிரேக்குகள் வந்தன. பின்சக்கரங்களுக்குப் புதிய லைனர்கள், குழாய்கள் எல்லாம் மாற்றம். மூன்று மாதமும், டர்போவைவிட அதிக பணமும் இதற்கே போயின. பிரேக்கைப் படம் பிடித்து எவரும் பெருமைப்படுவதில்லை என்று மருமகன் முணுமுணுத்தான். எனக்கு அந்த மூன்று மாதமும் நிம்மதியாக இருந்தது.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எல்லாம் முடிந்தபோது செலவு 9 இலட்சம் ரூபாவைத் தொட்டிருந்தது. அதில் பாதி அவனுடைய கட்டார்ச் சேமிப்பு, பாதி என்னுடையது. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தக் கணக்கில் ஏறக்குறைய 667 நாள் கொழுந்து பறிக்க வேண்டும். என் தாயார் கொழுந்து பறித்தவர். இந்த வகுத்தலை நான் எவரிடமும் சொல்லவில்லை, இப்போதுதான் எழுதுகிறேன்.

2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கார் முதன்முதலாக ஓடியது. லிந்துலையில் அருமையாக ஓடியது. பெரியவரை முன் ஆசனத்தில் அமர்த்தி நானுஓயா வரை போய்வந்தார்கள். அமுக்கமானியின் முள் 0.4 பாருக்கு மேல் போகாதபடி மருமகன் கட்டுப்படுத்தியிருந்தான். அவனுடைய கணக்கு எளிமையானது. கடல் மட்டத்தில் அந்த எஞ்சினுக்கு இருந்த மூச்சைத் திருப்பிக் கொடுக்க 0.15 பார் போதும். மிச்சம் இலாபம்.

அந்த டிசெம்பரில் வத்தளையில் ஒரு சகபாடியின் மகளுக்குத் திருமணம். டட்சனிலேயே போவோம் என்று பிடிவாதம் பிடித்தவன் நான். "மாமா, கீழ இன்னும் ஓட்டிப் பாக்கல" என்று மருமகன் இரண்டு தடவை சொன்னான். அப்பாவின் கார் மீண்டும் கொழும்புப் பக்கம் போவதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு. கினிகத்தேனை, கித்துல்கல என்று இறங்கும்வரை ஒரு குறையும் இல்லை. அவிசாவளையைத் தாண்டியதும் ஸ்டியரிங்கை நான் வாங்கிக்கொண்டேன். முகூர்த்தத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நேரான பாதை, நல்ல வெயில். அழுத்தினேன். டப்பா ஒன்றுக்குள் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம் முன்னாலிருந்து வந்தது. "கால எடுங்க மாமா, கால எடுங்க!" என்று மருமகன் கத்தினான். ஏதோ தளர்ந்த தகடு ஆடுகிறது என்று நினைத்தேன். காலை எடுப்பதற்குள் வெண்புகை பின்கண்ணாடியை மறைத்துவிட்டது.

மூன்றாவது சிலிண்டரின் பிஸ்டனில் ஒரு துளை.

லொறியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்து எஞ்சினைப் பிரித்த அன்று நானும் இருந்தேன். துளை விழுந்த பிஸ்டனை மருமகன் என் கையில் தந்தான். அதன் விளிம்பு உருகி, மெழுகுவர்த்தி வடிந்ததுபோல் இருந்தது. பிறகு பிஸ்டன்களைத் தாங்கும் நான்கு கொன்றொட்டுகளையும் மண்ணெண்ணெயில் கழுவித் துணியின் மேல் வரிசையாக வைத்தான். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிறு குழிகள். ஒன்றில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, மூன்று, நான்கு. எது எந்தச் சிலிண்டருக்குரியது என்று மாறிப்போகாமலிருக்க 1991இல் அப்பா பஞ்ச்சால் அடித்த அடையாளங்கள். அவருக்கு எழுத்து அவ்வளவாக வராது. மூன்று புள்ளி இருந்த கொன்றொட்டை எடுத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் கோணல் ஏதும் இல்லையென்று மருமகன் சொன்னபின்தான் எனக்குப் பேச்சு வந்தது.

குற்றம் யாருடையது? அவன் தன்னுடையது என்றான். லிந்துலையின் மெல்லிய வளிக்கு ஏற்றவாறுதான் காபரேட்டரின் ஜெட்களை அவன் தேர்ந்திருந்தான். வளி தடித்தால் பெற்றோலைத் தானாகக் கூட்டும் அறிவு காபரேட்டருக்கு இல்லை. அவிசாவளையில் வளி தடித்தது, பெற்றோல் அதற்கேற்பக் கூடவில்லை. கலவை வறண்டது. அதோடு, 0.4 பார் என்பது வெளியிலுள்ள அமுக்கத்துக்கு மேற்பட்ட அளவு. லிந்துலையில் 0.85உடன் 0.4 சேர்ந்தால் 1.25. கீழே 1.01உடன் சேர்ந்து 1.41. அமுக்கமானியின் முள் இரண்டு இடத்திலும் ஒரே கோட்டில்தான் நிற்கும். வெப்பமும் சேர்ந்ததும், பெற்றோல் தீப்பொறிக்குக் காத்திராமல் தானாகவே வெடித்தது. பஸ்காரர்கள் 'நொக் அடிக்கிறது' என்பது இதைத்தான். அந்தக் கூழாங்கல் சத்தமும் அதுதான். இவ்வளவும் கேட்டபின், குற்றத்தில் பாதியாவது ஸ்டியரிங்கில் இருந்தவனுடையது என்றேன். அவன் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும்.

இந்த விதத்தில் நாங்கள் மட்டுமே அடிபட்டவர்கள் அல்லர் என்பதைப் பின்னர் வாசித்து ஆறுதல் அடைந்தேன். 1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் ஜெட்பயர் என்றொரு காரை டர்போவுடனேயே விற்பனைக்கு விட்டது. உலகில் அவ்வாறு வந்த முதல் கார்களில் அது ஒன்று. நொக் அடிக்காதிருக்க, நீரும் மெதனோலும் கலந்த திரவமொன்றை எஞ்சினுக்குள் தெளிக்கும் தனித் தாங்கி அதில் இருந்தது. வாங்கியவர்கள் பலர் அதை நிரப்ப மறந்தார்கள். கடைசியில் பல கார்களிலிருந்து டர்போவே கழற்றப்பட்டது. பெருநிறுவனத்துக்கே அந்தக் கதி.

இரண்டாவது தடவை எஞ்சினைக் கட்ட ஓர் ஆண்டுக்கு மேல் சென்றது. புதிய பிஸ்டன்கள், தலையில் குழிவுள்ளவை. அப்பாவின் நான்கு கொன்றொட்டுகளும் புள்ளி வரிசைப்படி பழைய இடங்களுக்கே சென்றன. காபரேட்டர் போய், அதன் இடத்தில் பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களும், அவற்றை ஆளும் சிறு கணினியும் வந்தன. அந்தக் கணினிக்கு வளியின் முழு அமுக்கத்தையும் உணரும் கருவி உண்டு. தாம் இருப்பது லிந்துலையா அவிசாவளையா என்று அதற்குத் தெரியும். மருமகன் மடிக்கணினியை முழங்காலில் வைத்துக்கொண்டு, தலவாக்கலை, ஹற்றன், கித்துல்கல என்று ஒவ்வொரு உயரத்திலும் நிறுத்தி அளந்து திருத்தினான். கீழே போகும்போது டர்போவின் அமுக்கத்தைக் குறைக்கவும் அதற்குச் சொல்லிக் கொடுத்தான். காபரேட்டர் காலத்தில் புகைப் பரிசோதனையில் தவறிய கார், இம்முறை தேறியது. வருமான அனுமதிப்பத்திரத்தைக் கண்ணாடியில் ஒட்டிப் படம் எடுத்து அனுப்பினான். டர்போவின் படத்தைவிட அதுவே அவனுக்குப் பெருமை.

அவனுக்குள் இன்னோர் ஆசை இருந்தது. ரதல்லவில் நடக்கும் மலையேற்றக் கார்ப் பந்தயத்தில் ஒருமுறையாவது ஓட வேண்டும். எங்கள் மலையில் இந்தப் பந்தயங்களுக்கு நெடிய வரலாறு உண்டு. நுவரெலியாவை அடுத்த மஹகஸ்தொட்ட தோட்டத்துப் பாதையில் 1934 முதல் கார்கள் ஏறுகின்றன. ஏப்ரல் வசந்தகாலத்தில் துரைமாரும் கொழும்புக் கனவான்களும் ஓட்டுவார்கள். தோட்டத்துச் சனங்கள் தேயிலை மேட்டில் நின்று பார்ப்பார்கள். 1990களில் நான் செய்தி சேகரிக்கப் போனபோதும் மேட்டில் நின்றவர்கள் அவர்களே. மேட்டிலிருந்து ஒருவன் பாதைக்கு இறங்கி, ஸ்டியரிங்கில் அமர வேண்டும் என்பது அவனுடைய எண்ணம். அவன் இதை இப்படி வார்த்தைகளில் சொல்லவில்லை. எழுத்துக்காரன் புத்தி, நான்தான் சேர்த்துச் சொல்கிறேன்.

2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ்ஹில் பந்தயத்தில் ஒரு கார் பாதையைவிட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள். எட்டு வயதுக் குழந்தையும் அவர்களில் ஒருத்தி. அன்றிரவு தங்கை எனக்குத் தொலைபேசியில் சொன்னது ஒரே வாக்கியம்தான். "அண்ணே, அவன் ஓட மாட்டான், நீங்க சொல்லிருங்க." நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. அவன் தானே விண்ணப்பம் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டான். அது தாயின் சொல்லுக்காகவா, மேட்டில் நிற்பவர்கள் யாரென்று அவனுக்குத் தெரிந்திருந்ததாலா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

2025 ஓகஸ்டில் ஒரு ஞாயிறு காலை, என்னை அழைத்துக்கொண்டு போனான். பனி இன்னும் முழுதாக விலகவில்லை. ஸ்டோருக்குக் கீழே ஒரு வளைவு இருக்கிறது. அந்த ஏற்றத்தில் அப்பா எப்போதும் மூன்றாம் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு மாற்றுவார். மாற்றும்போது கார் ஒரு கணம் தயங்கி, உறுமி, பிறகு ஏறும். பின் ஆசனத்தில் உறங்கிக்கொண்டு வரும் எங்களுக்கு அந்தத் தயக்கம்தான் வீடு வந்துவிட்டதற்கு அறிகுறி. அன்றைக்கு வளைவு வந்தது. மருமகன் கியர்த்தண்டைத் தொடவில்லை. முன்னாலிருந்து மெல்லிய விசில் ஒலி எழுந்தது. மூன்றாம் கியரிலேயே கார் வளைவைக் கடந்து மேலே போய்விட்டது. என் கால் மட்டும் தானாகவே இல்லாத கிளச்சை அழுத்தியிருந்தது.

"எப்பிடி மாமா?" என்றான்.

"நல்லா ஏறுது" என்றேன். அது உண்மை. அந்தத் தயக்கம் இல்லாமற்போனது எனக்கு என்னவோ செய்தது என்பதும் உண்மை. இரண்டாவதை அவனிடம் சொல்லவில்லை.

நானுஓயா வரை போய்த் திரும்பினோம். இறக்கத்தில் இரண்டாம் கியரில் மெதுவாகவே இறக்கினான். ஸ்டோர் வாசலில் நிறுத்தி, கீழே இறங்கி, முன்சக்கரத்தின் அருகே கையை வைத்துச் சூடு பார்த்தான். திரும்ப வந்து அமர்ந்தான். எஞ்சினை அணைக்கவில்லை.

"ஏன்?"

"ரெண்டு நிமிசம் சும்மா ஓடணும் மாமா. டர்போ சூடா இருக்கும். ஒடனே நிப்பாட்டினா எண்ணெய் உள்ளுக்குள்ளேயே கருகிரும்."

ஸ்டோரில் அன்று வேலை இல்லை. உலர்த்தும் பகுதியின் யன்னல்கள் மூடியிருந்தன. வாசனை மட்டும் எப்போதும்போல் இருந்தது. டட்சனின் எஞ்சின் தாழ்ந்த சுருதியில் ஓடிக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் ஒன்றும் பேசாமல் அந்த இரண்டு நிமிடமும் அமர்ந்திருந்தோம். பிறகு அவன் சாவியைத் திருப்பினான்.